உவர் நிலமும் பயற்றுப் பயிரும்

தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் மண்ணையும் பயிரையும் பற்றி எழுதப் புகுதல் அன்பர் சிலர்க்கு வியப்பை விளைத்தல் கூடும். உழவு நூல் பயின்றவன் அல்லன் யான். எனினும், உவர் என்றும் களர் என்றும் இலக்கியங்களிற் பயின்ற சொற்கள், சென்ற ஆண்டு எம் வீட்டுத் தோட்டத்திலேயே பொருளாய் வந்து நின்றன. கல்லாதாரைத் திருவள்ளுவர் களர் நிலத்தோடு ஒப்பிட்டார் என்பதை வகுப்பிற் கேட்டு மகிழ்ந்த யான், அக்களர் எத்தகையது, அது பயிரை எங்ஙனம் கெடுக்கின்றது என்று ஒரு நாளும் வினவியதில்லை. அவ்வினாவை எழுப்பியவர் என் தந்தையைப் பெற்ற அப்பாரு. அதற்கு விடை தேடி யான் கற்றனவற்றையே ஈண்டு எழுதலுற்றேன்.

எம் ஊர் மூலனூர். திருப்பூர் மாவட்டத்துத் தாராபுரம் வட்டத்தில் உள்ளது. மழை அருகிப் பெய்யும் வறண்ட பகுதி அது. கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடுகளும், அவற்றிற் கொழுக்கட்டைப் புல்லும், இடையிடையே வெள்வேல மரங்களும், அப்புல்லை மேயும் காங்கயம் மாடுகளுமே எம் பக்கத்து நிலத்தின் தோற்றம். முருங்கைக்கும் பருத்திக்கும் எம் ஊர் பேர்பெற்றது. மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்குப் பருத்திப் பொதிகளோடு வரும் உழவரைக் கண்டே யான் வளர்ந்தேன்.

சென்ற ஆண்டு புரட்டாசித் திங்களில் அப்பாரு தம் தோட்டத்தின் ஒரு பாதியிற் பருத்தியும் மற்றொரு பாதியிற் பச்சைப்பயறும் விதைத்தார். மழை பொய்த்தமையால் இரண்டற்கும் ஆழ்குழாய்க் கிணற்று நீரே பாய்ந்தது. மண் ஒன்று, நீர் ஒன்று, உழைப்பும் ஒன்றே. ஆயினும் பருத்தி தழைத்து நின்றது; பயறோ ஒரு சாண் வளர்ந்ததும் வெளிறி மஞ்சளாயிற்று; இலையோரம் தீய்ந்தது. தழைச்சத்துக் குறைவென்று எண்ணி அப்பாரு இருமுறை யூரியா இட்டார். சிறிது பசுமை தோன்றிப் பின் மறைந்தது. பூத்த பூக்களிற் பெரும்பாலன உதிர்ந்தன. காய்த்த காய்களிலும் மணி திரளவில்லை. விடுமுறைக்கு யான் சென்றபோது அவர் வரப்பின்மேல் அமர்ந்து, "ஏங் கண்ணு, பருத்தி நிக்குது, பயறு மட்டும் ஏன் நிக்க மாட்டேங்குது? இனிப் பயறே வேண்டாம்னு உட்டர்லாமா?" என்று கேட்டார். என்னால் விடை கூற இயலவில்லை.

அவ்வினா சிறிதன்று. பயறு எம் வீட்டிற்கு உணவு, மாட்டிற்குத் தீவனம், நிலத்திற்கு உரம். பயறு விதைத்த நிலத்தில் அடுத்த பயிர் செழிக்கும் என்பது எம் முன்னோர் கண்ட உண்மை. பயற்றைக் கைவிடின் மூன்றையும் விலை கொடுத்தே வாங்குதல் வேண்டும். ஆதலின், உப்பு பயற்றை மட்டும் முற்படத் தாக்குவது ஏன் என்பதை அறிதல் எமக்கு இன்றியமையாததாயிற்று.

முதற்கண் உப்பு நிலம் என்பது யாதென ஆராய்வோம். நாம் உப்பு என்று பொதுப்படக் கூறினும், நிலத்தில் உறும் கேடு இருவகைப்படும். கரையும் உப்புகள் மிகுதியாகத் திரண்ட நிலம் உவர் நிலம். சோடியம் என்னும் பொருள் களிமண் துகள்களோடு மிகுதியாகப் பற்றிக்கொண்ட நிலம் களர் நிலம். உவர் நிலத்தில் வெயிற்காலத்து வெண்மையான உப்புப் படலம் பூக்கும். களர் நிலத்திலோ மண் துகள்கள் ஒன்றினின்று ஒன்று பிரிந்து குழம்பி, மழை பெய்தால் நீர் உள்ளிறங்காது தேங்கும். காய்ந்தால் மேற்பரப்பு ஓடுபோல் இறுகும். முளை அதனைக் கீறி எழ மாட்டாது. ஒரே நிலத்தில் இவ்விரு கேடும் கலந்து நிற்றலும் உண்டு. இரண்டற்கும் மருந்து வேறாதலின், இவ்வேறுபாட்டை முதலிலேயே மனத்திற் கொள்ளுதல் நலம். நம் முன்னோர் இரண்டற்கும் இரு சொல் வைத்தது வீண் அன்று.

இவ்வுப்பு எங்கிருந்து வந்தது? பாறை சிதைந்து மண்ணாகும்பொழுதே அதிலுள்ள உப்புகள் நீரிற் கரைகின்றன. மழை மிக்க நாடுகளில் அவை அடித்துச் செல்லப்பட்டுக் கடலை அடைகின்றன. மழை குறைந்த நாட்டிலோ நிலத்தடியிலேயே தங்குகின்றன. பாறையிடுக்கில் நெடுங்காலம் தேங்கி நின்ற நீரை நாம் ஆழ்குழாயால் மேலே கொணர்ந்து பாய்ச்சுகிறோம். கதிரவன் நீரை மட்டும் ஆவியாக்கிக் கொள்கிறான். பயிரும் நீரையே பெரிதும் பருகுகின்றது. உப்பு மண்ணிலேயே எஞ்சுகின்றது.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்குவேன். எம் கிணற்று நீரை மண் ஆய்வு நிலையத்திற் கொடுத்து ஆராய்ந்தபோது, ஒரு லிட்டரில் ஏறத்தாழ 2 கிராம் உப்புக் கரைந்திருப்பதாகத் தெரிந்தது. 2 கிராம் என்பது ஒரு சிட்டிகையளவே. ஓர் ஏக்கர் நிலத்தில் 5 செண்டிமீட்டர் உயரம் நீர் நிற்கப் பாய்ச்சுவதற்கு ஏறக்குறைய 2 இலட்சம் லிட்டர் நீர் வேண்டும். அஃதாவது, ஒருமுறை நீர் பாய்ச்சும்பொழுது 400 கிலோ உப்பை நிலத்திற் கொட்டுகிறோம். பத்து முறை பாய்ச்சினால் 4 டன். அபிமெலேக்கு சீகேம் நகரை இடித்து அதில் உப்பு விதைத்தான் என்று நியாயாதிபதிகளின் புத்தகத்திற் படிக்கின்றோம். அவன் பகைவன், பகைமையாற் செய்தான். நாமோ நம் நிலத்தில் நம் கையாலேயே, அன்போடு, பயிர் வாழவேண்டும் என்று எண்ணியே உப்பு விதைக்கின்றோம். நல்ல மழை பெய்து அதனைக் கழுவிச் செல்லாவிடின் ஆண்டுதோறும் அது மிகுகின்றது.

மண்ணின் உப்பை அறிய, மண்ணை நீரிற் குழைத்து அந்நீரை வடித்து, அது மின்சாரத்தை எவ்வளவு கடத்துகின்றது என்று அளப்பர். உப்பு மிகுந்தால் மின்கடத்தலும் மிகும். அதனை மீட்டருக்கு இத்தனை டெசிசீமன்ஸ் என்று கூறுவர். சுருக்கம் கருதி யான் அதனை அலகு என்றே குறிப்பேன். கடல் நீர் சுமார் 50 அலகு. மண்ணின் வடிநீர் 4 அலகைக் கடந்தால் அது உவர் நிலம் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் வரையறை.

எப்பயிர் எவ்வளவு உப்பைப் பொறுக்கும் என்பதை அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் ரிவர்சைடு என்னும் ஊரிலுள்ள உவர் நில ஆய்வகத்தைச் சார்ந்த மாஸ், ஹாஃப்மன் என்னும் அறிஞர் இருவர் 1977-ஆம் ஆண்டில் தொகுத்து வெளியிட்டனர். பின்வந்தோர் பல பயிர்களை அதனோடு சேர்த்தனர். ஒவ்வொரு பயிருக்கும் ஓர் எல்லை உண்டு. அதுவரை விளைச்சல் குன்றாது. அதற்குமேல் ஒவ்வோர் அலகிற்கும் இத்தனை பங்கு குறையும் என்பது அவர் கண்ட முறை. பருத்தியின் எல்லை 7.7 அலகு, அதனைக் கடந்த பின்னும் அலகிற்கு நூற்றுக்கு 5 பங்கே குறையும். நிலக்கடலையின் எல்லை 3.2, கடந்தபின் அலகிற்கு 29 பங்கு வீழும். பீன்ஸ் என்னும் அவரையின் எல்லை 1 அலகே. அதன்பின் 19 பங்கு குறையும். பச்சைப்பயற்றின் எல்லை ஏறத்தாழ 1.8, அதன்பின் 20 பங்கிற்கு மேல் குறையும். பயற்றினத்துள் தட்டைப்பயறு சற்று வலியது; அதன் எல்லை 4.9.

எம் தோட்டத்து மண் 4 அலகு என்று ஆய்வில் தெரிந்தது. மேற்கூறிய எண்களை எடுத்துக் கணக்கிட்டேன். 4 அலகில் பருத்திக்கு யாதொரு குறையும் இல்லை. பச்சைப்பயற்றிற்கோ விளைச்சலிற் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு அழியும். அப்பாருவின் வினாவிற்கு முதல் விடை கிடைத்துவிட்டது. அவர் நிலமும் உழைப்பும் பழுதல்ல. ஒரே உப்பை இரு பயிர்களும் இருவேறு வகையில் உணர்ந்தன. ஆயினும் இவ்வேறுபாடு ஏன் உண்டாயிற்று? எண்கள் அதனைக் கூறவில்லை. அதற்கு வேரினிடத்தே செல்லல் வேண்டும்.

உப்பு பயிரை மூவகையால் வருத்துகின்றது. முதலாவது நீர்த்தடை. மண்ணீரில் உப்பு மிகுந்தால் வேர் அதனை உறிஞ்சுதல் அரிது. நிலம் ஈரமாக இருக்கவும் பயிர் நீர்வேட்கையால் வாடும். உப்பு நிலத்தில் விதை முளைக்கத் தாமதிப்பதும், முளைத்தவை ஒரு சீராக இன்றி இடைவெளி விட்டுத் தோன்றுவதும் இதனாலேயே. இரண்டாவது நச்சுத்தன்மை. சோடியமும் குளோரைடும் நீரோடு உட்புகுந்து இலையோரங்களிற் சேர்ந்து அவற்றைத் தீய்க்கின்றன. பயிர்க்கு வேண்டிய பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றின் இடத்தைச் சோடியம் கவர்ந்துகொள்கின்றது. பருத்தி போன்ற பயிர்கள் உட்புகும் உப்பை உயிரணுக்களின் ஒரு புறத்தே அடக்கிவைத்து வாழும் ஆற்றல் உடையன. பயற்றினத்திற் பெரும்பாலனவற்றிற்கு அவ்வாற்றல் சிறிது.

இவ்விரண்டும் எல்லாப் பயிர்க்கும் பொதுவானவை. மூன்றாவதோ பயற்றினத்திற்கே உரியது. அதுவே இக்கட்டுரையின் உயிர்நிலை.

நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் என்னும் வாயு உள்ளது. பயிர்க்கு இன்றியமையாத தழைச்சத்து அதுவே. ஆயினும் எந்தப் பயிரும் அதனைக் காற்றினின்று நேரே எடுத்துக்கொள்ள மாட்டாது. செல்வக் குவியலின் நடுவே வறியவன் பசித்திருத்தல் போன்ற நிலை இது. பயற்றினம் மட்டும் ஒரு துணைவனைத் தேடிக்கொண்டது. ரைசோபியம் என்னும் நுண்ணுயிரே அத்துணைவன். பயறு விதைத்த நிலம் வளம் பெறுவதை உலகத்து உழவர் பன்னெடுங்காலமாக அறிந்திருந்தும் காரணம் அறிந்திலர். 1886-ஆம் ஆண்டில் ஹெல்ரீகல் என்னும் ஜெர்மானிய அறிஞர், வில்ஃபார்த் என்பவரோடு தாம் செய்த ஆய்வினால், பயற்றினம் காற்றின் நைட்ரஜனைப் பெறுவது வேர் முடிச்சுகளின் வழியாகவே என்று அறிவித்தார். 1888-ஆம் ஆண்டில் பெயரிங்க் என்னும் டச்சு அறிஞர் அம்முடிச்சில் வாழும் நுண்ணுயிரைத் தனியே பிரித்து வளர்த்தார்.

இந்நட்பு உண்டாகும் முறை வியக்கத்தக்கது. பயற்றின் வேர் ஒருவகைப் பொருளைக் கசிந்து மண்ணில் விடுகின்றது. அதனை உணர்ந்த நுண்ணுயிர் வேரை அணுகி, தானும் ஒரு பொருளை மறுமொழியாக விடுகின்றது. உடனே நுண்ணிய வேர்த்தூவி வளைந்து அதனைத் தழுவிக்கொள்கின்றது. பின்பு தூவியினுள்ளே இழைபோன்ற ஒரு வழி உண்டாகி, அதன் வழியே நுண்ணுயிர் உட்புகுந்து பெருகுகின்றது. அவ்விடத்து வேர் புடைத்து முடிச்சாகின்றது. பயறு தான் வெயிலிற் சமைத்த சர்க்கரையை அம்முடிச்சிற்கு அனுப்புகின்றது. நுண்ணுயிர் காற்றின் நைட்ரஜனைப் பயிர் உண்ணும் வடிவாக்கிக் கொடுக்கின்றது. வேலை செய்யும் முடிச்சை நகத்தாற் கீறிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்நிறம் தருவது லெக்ஹீமோகுளோபின் என்னும் பொருள். நம் குருதிக்குச் செந்நிறம் தரும் பொருளுக்கு அஃது உறவினது. முடிச்சினுள் பிராணவாயு மிகாமலும் குறையாமலும் காப்பது அதன் தொழில்.

இந்நட்பின் ஒவ்வொரு படியிலும் உப்பு இடையூறு செய்கின்றது. உப்பு மிகுந்த மண்ணில் வேர்த்தூவிகள் குறைவாகத் தோன்றும். தோன்றியவையும் சரிவர வளைந்து தழுவா. ஆகவே முடிச்சுகள் எண்ணிக்கையிற் குறையும். உருவான முடிச்சிற்கும், வாடிய இலையினின்று போதிய சர்க்கரை வந்து சேராது. முடிச்சின் சுவர் இறுகிப் பிராணவாயுவின் போக்குவரவு தடைப்படும். செம்பொருள் சிதையும். அங்ஙனம் சிதைந்த முடிச்சைக் கீறினால் வெண்மையாகவோ பசுமை கலந்தோ காணப்படும். அது பெயரளவில் முடிச்சேயன்றி வேலை செய்வதன்று.

இவ்விடத்து ஓர் ஐயம் எழும். நுண்ணுயிர் மிகச் சிறியதாயிற்றே, உப்பு அதனைத்தான் முதலிற் கொல்கின்றதோ என்று எண்ணலாம். ஆராய்ந்தோர் கண்டது வேறு. ரைசோபியம் வகைகளிற் பல, தம்மைத் தாங்கும் பயிரினும் மிகுந்த உப்பிலே உயிர் வாழ வல்லன. நுண்ணுயிர் உண்டு, பயிரும் ஒருவாறு உயிரோடு நிற்கின்றது, இரண்டும் கூடும் கூட்டுறவே முறிகின்றது. இதற்குச் சான்று ஒன்று கூறுவேன். ஒரே உப்பு நீரில் சில பயற்றுச் செடிகளுக்குத் தழைச்சத்தை உரமாகக் கொடுத்தும், சிலவற்றை முடிச்சையே நம்பி வாழ விட்டும் வளர்த்துப் பார்த்த ஆய்வுகளில், முடிச்சை நம்பிய செடிகளே பெரும்பாலும் முன்னர் மெலிந்தன. உப்பு பயற்றைக் கொல்வதன்முன் அதன் நட்பைக் கொல்கின்றது என்பது இதனால் விளங்கும்.

இவ்வுண்மையை அறிந்தபின் யானும் அப்பாருவும் பயற்றங்காட்டிற்குச் சென்றோம். செடிகளைப் பிடுங்காமல், மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, ஒரு வாளி நீரில் மெல்ல அலசினோம். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும். பத்துச் செடிகளைப் பார்த்ததில், பெரும்பாலானவற்றில் விரல்விட்டு எண்ணும்படியே முடிச்சுகள் இருந்தன. கீறிப் பார்த்தோம்; வெளிறிக் கிடந்தன. பின்பு வேலியோரம், மழைநீர் ஓடி வந்து தேங்கும் தாழ்வான மூலையில் நின்ற சில செடிகளைப் பெயர்த்தோம். அவற்றின் வேரிற் குன்றிமணிகளைக் கோத்தாற்போல முடிச்சுகள் திரண்டிருந்தன, உள்ளே சிவந்திருந்தன. ஒரே விதை, ஒரே நாளில் விதைத்தது. மழைநீர் உப்பைக் கழுவிய இடத்தில் நட்பு நிலைத்தது; மற்றை இடத்தில் முறிந்தது. அப்பாரு நெடுநேரம் அவ்விரு வேர்களையும் இரு கைகளில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யூரியா ஏன் பயன்படவில்லை என்பதும் இப்போது விளங்கும். மஞ்சள் நிறம் தழைச்சத்துக் குறைவின் குறியே. அதில் அவர் பிழைபடவில்லை. ஆனால் அக்குறைவு நோயன்று, நோயின் அடையாளம். உரமாகத் தழைச்சத்து மிகுதியாகக் கிடைத்தால் பயறு முடிச்சு அமைக்கும் முயற்சியையும் தளர்த்திவிடும் இயல்பினது. மண்ணின் உப்போ அணுவளவும் குறையாது. ஆகவே காசு கொடுத்து வாங்கிய உரம் சில நாட் பசுமையைத் தந்து, எஞ்சியிருந்த நட்பையும் குறைத்தது.

எம் தோட்டத்து உப்பு வறட்சியாலும் ஆழ்கிணற்றாலும் வந்தது. எம் மாவட்டத்தின் வடபால் ஓடும் நொய்யலாற்றங்கரையிலோ மனிதர் தொழிலால் உப்பு வந்தது. அவ்வரலாற்றையும் ஈண்டுக் கூறாது விடுதல் தகாது. அங்கும் கதையின் நடுவே நிற்பது பருத்தியே. வெள்ளியங்கிரி மலையிற் பிறந்து கோவையையும் திருப்பூரையும் கடந்து கருவூர் மாவட்டத்திற் காவிரியொடு கலக்கும் ஆறு நொய்யல். திருப்பூரில் பின்னலாடைத் தொழில் வளர வளரச் சாயப்பட்டறைகளும் பெருகின. பருத்தி இழை நீரில் தோய்ந்தவுடன் எதிர்மின் தன்மை கொள்ளும். அதற்கு ஏற்றும் சாயமும் அத்தன்மையதே. ஒத்த தன்மையுடைய இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். அவ்விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை இழையிற் சேர்ப்பதற்காகச் சாயத்தொட்டியில் சமையல் உப்பையேனும் கிளாபர் உப்பாகிய சோடியம் சல்பேட்டையேனும் மிகுதியாகக் கரைப்பர். சாயம் துணியில் தங்கும். உப்போ துணியில் தங்குவதில்லை. இட்ட உப்பு ஏறத்தாழ முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும். அந்நீர் நெடுங்காலம் நொய்யலிற் கலந்தது.

சென்னிமலைக்கு அண்மையில் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே கட்டப்பட்ட அணை 1992-ஆம் ஆண்டிற் பயனுக்கு வந்தது. சுமார் 10,000 ஏக்கர் நிலத்திற்குப் பாசனம் அளிப்பது அதன் நோக்கம். ஆனால் அதில் தேங்கியது உப்பும் சாயமும் கலந்த நீர். அந்நீர் தங்கட்கு வேண்டா என்று உழவர்களே முறையிடும் நிலை வந்தது. அணையைச் சூழ்ந்த ஊர்களின் கிணறுகளும் உவர்த்தன. உழவர் வழக்குத் தொடுக்க, சென்னை உயர்நீதிமன்றம் 2006-ஆம் ஆண்டிலும் அதன்பின்னும் ஆணைகள் பிறப்பித்தது. முடிவில் 2011-ஆம் ஆண்டு சனவரி 28-ஆம் நாள் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. கழிவுநீர் ஒரு துளியும் வெளிச்செல்லாதவாறு அதனைத் தூய்மை செய்து, நீரையும் உப்பையும் மீட்டு மறுபடி பயன்படுத்தும் ஏற்பாடு உடையவையே பின்னர்ப் படிப்படியாகத் திறக்கப்பெற்றன. மேலே கூறிய கணக்கை இங்குப் பொருத்திப் பாருங்கள். உப்பேறிய நிலத்திற் பருத்தி நிற்கும். பருத்திக்கு நிறம் ஏற்றிய உப்பால் பயறு மடியும். ஆடையின் நிறத்திற்கு யாரோ ஒரு சிற்றூரார் தம் பருப்பை விலையாகக் கொடுத்திருக்கிறார் என்பதை, வண்ண ஆடை உடுக்கும் நாம் அனைவரும் எண்ணிப் பார்த்தல் தகும்.

நிற்க. பயற்றினம் முழுவதும் உப்பிற்கு அஞ்சுவது என்று கொள்ளலாகாது. அக்குலத்திலேயே உப்பை வெல்லும் வீரரும் உளர். எங்கும் பரவித் துன்புறுத்தும் சீமைக்கருவேல் அக்குலத்தது. புங்கமும் அக்குலத்ததே. எல்லாவற்றினும் பயன் மிக்கது தக்கைப்பூண்டு. களர் நிலத்திலும் அது முளைத்துத் தழைக்கும், வேரில் முடிச்சும் கொள்ளும், பூக்கும் பருவத்தில், ஏறத்தாழ 45 நாளில், மடக்கி உழுதால் மண் இளகும், தழைச்சத்தும் சேரும். ஒரு குலத்தின் மெலியோர்க்கு அக்குலத்தின் வலியோரே வழி செய்வதுபோல, தக்கைப்பூண்டு திருத்திய நிலத்தில் பின்னர் மற்றைப் பயறுகளும் வாழ்தல் கூடும்.

இனி மருந்தைக் கூறுவேன். முதலாவது, மண்ணையும் கிணற்று நீரையும் ஆய்வு நிலையத்திற் கொடுத்து, நோய் உவரா களரா என்று அறிதல். களர் ஆயின் ஜிப்சம் இடுதல் வேண்டும். அதிலுள்ள கால்சியம் மண்ணைப் பற்றிய சோடியத்தைப் பெயர்க்கும். பின்பு நல்ல நீரைத் தேக்கி வடித்து அச்சோடியத்தை வெளியேற்றல் வேண்டும். எவ்வளவு ஜிப்சம் என்பதையும் ஆய்வே சொல்லும். உவர் மட்டுமே ஆயின் ஜிப்சம் வேண்டுவதில்லை. உப்பைக் கழுவ நல்ல நீரும், கழுவிய நீர் வெளியேற வடிகாலுமே வேண்டும். அண்டை வீட்டார் சொற்கேட்டு அப்பாரு ஜிப்சம் மூட்டைகளுக்கு முன்பணம் கொடுக்க இருந்தார். எம் மண் உவரேயன்றிக் களர் அன்று என்று ஆய்விற் கண்டமையால் அச்செலவு நின்றது.

இரண்டாவது, மழைநீரை வரப்பு கட்டித் தோட்டத்திலேயே நிறுத்துதல். எம் போன்ற வறண்ட ஊரில் உப்பில்லாத நீர் வானத்து நீர் ஒன்றே. பண்ணைக்குட்டையில் அதனைச் சேர்த்து வைத்தால், முளைக்கும் பருவத்தில் ஒருமுறையேனும் நன்னீர் பாய்ச்சலாம். இளமையிலேதான் பயிர் உப்பிற்கு மிகவும் இளைக்கும். மூன்றாவது, விதைக்கும் இடம். பார் பிடித்துச் சாலில் நீர் பாய்ச்சும்பொழுது உப்பு பாரின் உச்சிக்கு ஏறிப் படியும். உச்சியில் விதையாது பக்கவாட்டில் விதைத்தால் முளை பிழைக்கும். நான்காவது, தொழு உரமும் மூடாக்கும். மண் மூடியிருப்பின் நீர் ஆவியாதல் குறையும். நீர் ஆவியாதல் குறையின் உப்பு மேலேறுதலும் குறையும். ஐந்தாவது, ரைசோபியத்தை அரிசிக் கஞ்சியிற் கலந்து விதையிற் பூசி, நிழலில் உலர்த்தி விதைத்தல். உப்பு மிகுந்த மண்ணில் இது மட்டும் போதாது. கழுவிய மண்ணில் இது நட்பை விரைவிற் கூட்டும். ஆறாவது, மண்ணிற்கு ஏற்ற பயற்றைத் தெரிதல்.

இவற்றையெல்லாம் யான் கூறக் கேட்ட அப்பாரு உடனே ஒப்பவில்லை. "படிச்சவங்க சொல்ற கணக்கு மழைக்குத் தெரியுமா கண்ணு?" என்றார். அதுவும் உண்மையே. மழை வாராவிடின் மேற்கூறியவற்றிற் பாதி பயனற்றுப் போகும். ஆயினும் அவர் ஒன்று செய்தார். பயறு விதைத்த பாதியையும் பருத்திக்கே விட்டுவிட எண்ணியிருந்தவர், அதில் அரை ஏக்கரைப் பிரித்து வரப்பை உயர்த்திக் கட்டினார். வரும் பட்டத்தில் முதல் மழைக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழவும், அதன்பின் தட்டைப்பயறு விதைக்கவும் உடன்பட்டார். தட்டைப்பயற்றின் எல்லை 4.9 என்றேன், எம் மண் 4. இடைவெளி சிறிதே. ஆனால் அச்சிறு இடைவெளியில் ஓர் அரை ஏக்கர் பயறு பிழைக்க இடம் உண்டு.

நண்பர்களே, உங்களிற் பலர் உழவர் குடியிற் பிறந்தவர்கள். அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்பொழுது, தோட்டத்தில் மஞ்சளாய் நிற்கும் பயற்றுச் செடி ஒன்றை மண்ணோடு பெயர்த்து, நீரில் அலசி, வேரிலுள்ள முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே சிவப்பாயின் மகிழுங்கள். வெளிறியிருப்பின் உரக்கடைக்குச் செல்வதன்முன் மண் ஆய்வு நிலையத்திற்குச் செல்லுமாறு வீட்டாரிடம் கூறுங்கள். இலையின் மஞ்சளுக்குப் பல காரணம் சொல்லலாம். வேரின் நிறமோ நிலத்தில் என்ன நேர்ந்தது என்பதை நேரே கூறும். அதனைக் காண்பதற்கு ஒரு மண்வெட்டியும் ஒரு வாளி நீரும் போதும்.